கார்லைல் அணியின் 1912: வெற்றி யாருக்கு உரியது?

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தின் வரலாற்றில் 1912-ஆம் ஆண்டின் இலையுதிர்காலம் தனி இடம் பெற்றது. பென்சில்வேனியா மாநிலத்தின் கார்லைல் என்னும் சிற்றூரில் இயங்கிய ஒரு தொழிற்பள்ளியின் அணி, அவ்வாண்டு செப்டம்பர் 21 முதல் நவம்பர் 28 வரை பதினான்கு ஆட்டங்கள் ஆடி, பன்னிரண்டில் வென்று, ஒன்றில் சமன் செய்து, ஒன்றில் மட்டுமே தோற்றது. எதிரணிகள் அனைத்தும் சேர்ந்து 114 புள்ளிகளே எடுத்திருக்க, அது 504 புள்ளிகளைக் குவித்தது. அந்த அணியில் ஆடியவர்கள் அனைவரும், செவ்விந்தியர் என்று அக்காலத்தில் அழைக்கப்பட்ட அமெரிக்கப் பூர்வகுடி மக்களின் பிள்ளைகள். அவர்களுடைய மொழியையும் வழக்கங்களையும் நினைவுகளையும் அழித்து, அவர்களை வெள்ளையர் வாழ்முறைக்குள் கரைத்துவிடுவதற்கென்றே அமெரிக்க அரசு நடத்திய பள்ளி அது. ஆகவே கார்லைல் அணியின் வெற்றியைச் சொல்லும் எவரும், அப்பள்ளி இழைத்த கொடுமையையும் சேர்த்தே சொல்லியாக வேண்டும்.

பள்ளியும் அதன் நோக்கமும்

கார்லைல் இந்தியத் தொழிற்பள்ளி 1879-ஆம் ஆண்டில், பயன்பாடின்றிக் கிடந்த ஒரு படைமுகாமில், ரிச்சர்ட் ஹென்றி பிராட் என்னும் இராணுவ அதிகாரியால் தொடங்கப்பட்டது. பூர்வகுடி மக்களின் நிலங்கள் போராலும் ஒப்பந்தங்களாலும் பறிக்கப்பட்டு, அவர்கள் அரசு வரையறுத்த ஒதுக்கிடங்களுக்குள் அடைக்கப்பட்டுவந்த காலம் அது. அவர்களை அழித்தொழிப்பதைவிட அவர்களுடைய பண்பாட்டை அழித்து மனிதரை மட்டும் மீட்பதே நல்வழி என்பது பிராட்டின் கொள்கை. அதை அவர் பொதுமேடைகளில் வெளிப்படையாகவே முழங்கினார். அக்கொள்கைக்கு ஏற்ப, பெற்றோரிடமிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் கொண்டுவரப்பட்ட சிறுவர் சிறுமியருக்கு முதலில் முடி வெட்டப்பட்டது. பின்னர் ஆங்கிலப் பெயர் சூட்டப்பட்டது. தாய்மொழி பேசுவது தடைசெய்யப்பட்டது. நாளின் ஒரு பாதி பாடத்திலும் மறுபாதி தச்சு, கொல்லு, தையல், சமையல் போன்ற தொழில்களிலும் கழிந்தது. இதற்கும் மேலாக, மாணவர்களை வெள்ளையர் பண்ணைகளுக்கும் வீடுகளுக்கும் வேலைக்கு அனுப்பும் ஏற்பாடும் பள்ளிக் கல்வியின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டது.

கார்லைல் பட்டம் வழங்கும் கல்லூரி அன்று. அங்கு கற்பிக்கப்பட்டது பெரும்பாலும் தொடக்கநிலை, இடைநிலைப் பாடங்களே. ஆயினும் மாணவர்களில் பலர் இருபது வயதை எட்டியவர்களாகவோ கடந்தவர்களாகவோ இருந்தமையால், 1890-களில் அவர்கள் கால்பந்து ஆடத் தொடங்கியபோது கல்லூரி அணிகளே அவர்களுக்கு எதிரணிகளாக அமைந்தன. தொடக்கத்தில் ஒரு மாணவரின் கால் முறிந்ததால் ஆட்டத்துக்குத் தடை விதித்த பிராட், மாணவர்கள் திரண்டு வந்து வேண்டிக்கொண்ட பிறகே அதை நீக்கினார். பூர்வகுடி இளைஞர்கள் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற புகழ்பெற்ற பல்கலைக்கழகங்களோடு ஒழுங்காக ஆடுவது, தம் பள்ளியின் கொள்கைக்குக் கிடைக்கும் சிறந்த விளம்பரம் என்று அவர் எண்ணினார். மாணவர்களுக்கோ அந்த ஆட்டம், தங்கள் உடலாற்றலும் அறிவும் தடையின்றி வெளிப்படக்கூடிய ஒரே திடலாக இருந்தது.

ஆட்டமும் அதன் மாறிய விதிகளும்

அமெரிக்கக் கால்பந்து, தமிழகத்தில் ஆடப்படும் கால்பந்தினின்றும் முற்றிலும் வேறானது. இரு பக்கமும் பதினொருவர் ஆடும் இதில் பந்து முட்டை வடிவில் இருக்கும். அதைக் கையில் ஏந்தி ஓடியோ, தம் அணியினர் ஒருவருக்கு எறிந்தோ, எதிரணியின் இலக்குக் கோட்டைத் தாண்டச் செய்வதே நோக்கம். அவ்வாறு தாண்டுவது டச்டவுன் எனப்படும். பந்தை ஏந்திச் செல்பவரை எதிரணியினர் பற்றி வீழ்த்தியதும் ஆட்டம் நின்று, அதே இடத்திலிருந்து மீண்டும் தொடங்கும். இப்படித் தொடங்கி முடியும் ஒவ்வொரு முயற்சிக்கும் டவுன் என்று பெயர். குறிப்பிட்ட எண்ணிக்கையிலான டவுன்களுக்குள் குறிப்பிட்ட தொலைவு முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போய்விடும்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்த ஆட்டம் உயிரைப் பறிக்கும் ஆட்டமாக இருந்தது. வீரர்கள் ஒருவரையொருவர் கோத்துப் பிடித்துக்கொண்டு, பந்தை ஏந்தியவரைத் தள்ளியும் இழுத்தும், திரளாக எதிரணியின்மீது மோதினார்கள். தலைக்கவசம் அணிவது கட்டாயமாக இருக்கவில்லை. 1905-ஆம் ஆண்டில் மட்டும் குறைந்தது பதினெட்டுப் பேர் இறந்ததாக அக்கால நாளிதழ்கள் கணக்கிட்டன. ஆட்டத்தையே ஒழிக்க வேண்டும் என்ற குரல் வலுத்தபோது, குடியரசுத் தலைவர் தியோடோர் ரூஸ்வெல்ட் ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகங்களின் பொறுப்பாளர்களை வெள்ளை மாளிகைக்கு அழைத்துச் சீர்திருத்தத்தை வலியுறுத்தினார். அதன் பின்னர் 1906-இல் பந்தை முன்னோக்கி எறியும் முறை முதன்முதலாக விதிகளில் ஏற்கப்பட்டது. 1910-இல் பந்தை ஏந்தியவரைத் தள்ளுவதும் இழுப்பதும் தடைசெய்யப்பட்டன. 1912-இல் திடலின் நீளம் 100 கெஜமாகக் குறைக்கப்பட்டு, இருமுனைகளிலும் பத்துக் கெஜப் பகுதி ஒன்று சேர்க்கப்பட்டது; பத்துக் கெஜம் முன்னேற மூன்று டவுன்களுக்கு மாறாக நான்கு வழங்கப்பட்டன; டச்டவுனுக்குரிய புள்ளிகள் ஐந்திலிருந்து ஆறாக உயர்ந்தன; முன்னெறிதலுக்கு இருந்த தொலைவுக் கட்டுப்பாடும் நீக்கப்பட்டது.

இந்த மாற்றங்கள் எடைமிகுந்த அணிகளின் ஆதிக்கத்தைக் குறைத்து, விரைவும் சூழ்ச்சியும் உடைய அணிகளுக்கு வழி திறந்தன. கார்லைல் வீரர்கள் பெரிய பல்கலைக்கழகங்களின் வீரர்களைவிட உடல் எடையில் குறைந்தவர்கள். ஆதலால் மோதி வெல்வதைக் காட்டிலும் ஏமாற்றி விலகி ஓடி வெல்வதில் அவர்கள் நெடுங்காலமாகவே தேர்ந்திருந்தார்கள். 1903-இல் ஹார்வர்டுக்கு எதிரான ஆட்டத்தில் பந்தை ஒரு வீரரின் சட்டையின் முதுகுப்புறத்துக்குள் மறைத்துத் திடலின் முழு நீளத்தையும் கடந்து சென்றதும், 1907-இல் முன்னெறிதலைப் பிற அணிகள் தயங்கித் தயங்கிப் பயன்படுத்தியபோது அதையே தம் முதன்மை ஆயுதமாக்கிப் பதினொரு ஆட்டங்களில் பத்தில் வென்றதும் இந்த மரபில் வந்தவையே. இந்த மரபு முழுமை பெற்ற ஆண்டு 1912.

அணியில் இருந்தவர்கள்

அணியின் பயிற்சியாளர், பாப் வார்னர் என்று அழைக்கப்பட்ட கிளென் ஸ்கோபி வார்னர். 1899-இல் முதன்முறை கார்லைலுக்கு வந்த அவர், இடையில் சில ஆண்டுகள் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிவிட்டு 1907-இல் திரும்பினார். தம் வீரர்கள் புதிய உத்திகளை விரைவாகக் கற்பதையும் அவற்றை விருப்பத்தோடு ஆடுவதையும் அறிந்திருந்த வார்னர், ஆட்டத்தின் வரலாற்றில் நிலைத்த பல அமைப்புகளை அவர்களைக் கொண்டே உருவாக்கினார்.

அணித்தலைவர் ஜிம் தோர்ப். ஓக்லஹோமா பகுதியின் சாக் அண்ட் ஃபாக்ஸ் இனத்தில் பிறந்த இவர் 1904-இல் கார்லைலில் சேர்ந்தார். 1911-இல் ஹார்வர்டைக் கார்லைல் 18–15 என்ற கணக்கில் வென்றபோது, பந்தை உதைத்துக் குறுக்குக் கம்பத்துக்கு மேலே செலுத்தும் ஃபீல்டு கோலை நான்கு முறை அடித்து, பன்னிரண்டு புள்ளிகளைத் தம் காலாலேயே பெற்றுத்தந்தவர் அவர். 1912 ஜூலையில் ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக் போட்டியில், ஐந்து விளையாட்டுகள் கொண்ட பென்டத்லானிலும் பத்து விளையாட்டுகள் கொண்ட டெகத்லானிலும் தங்கம் வென்று உலகப்புகழ் பெற்றார். அதே ஒலிம்பிக்கில் பத்தாயிரம் மீட்டர் ஓட்டத்தில் வெள்ளி வென்ற லூயிஸ் தெவானிமா, ஹோபி இனத்தைச் சேர்ந்த கார்லைல் மாணவர். ஒரே தொழிற்பள்ளியின் இரு மாணவர்கள் ஒலிம்பிக் பதக்கங்களோடு திரும்பிய சில வாரங்களிலேயே அந்தக் கால்பந்துப் பருவம் தொடங்கியது.

தோர்ப்பின் புகழ் மற்றவர்களை மறைத்துவிடுவதுண்டு. ஆனால் அந்த அணி ஒருவரால் மட்டும் ஆனதன்று. எந்தச் சமயத்தில் எந்த உத்தியை ஆடுவது என்று திடலிலேயே முடிவு செய்து அறிவித்த குவார்ட்டர்பேக் கஸ் வெல்ச், வேகமும் துணிவும் மிக்க அலெக்ஸ் ஆர்காசா, எதிரணி வரிசையைப் பிளந்து செல்லும் ஸ்டான்சில் பாவெல், பின்னாளில் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்ற ஜோ கையான் ஆகியோர் அதன் தூண்கள். வெவ்வேறு நிலப்பகுதிகளிலிருந்தும் வெவ்வேறு தாய்மொழிகளிலிருந்தும் வந்த இவர்கள், அரசு வலிந்து கூட்டிவைத்த ஓரிடத்தில் தங்களுக்குள் உண்மையான தோழமையை வளர்த்துக்கொண்டார்கள்.

பதினான்கு ஆட்டங்கள்

பருவத்தின் முதல் நான்கு ஆட்டங்களும் எளிய வெற்றிகள். ஆல்பிரைட்டை 50–7, லெபனான் வேலியை 45–0, டிக்கின்சனை 34–0, வில்லனோவாவை 65–0 என்று வரிசையாக வென்ற அணி, அக்டோபர் 5 அன்று வாஷிங்டன் அண்ட் ஜெஃபர்சன் கல்லூரியுடன் ஒரு புள்ளியும் எடுக்க இயலாமல் சமன் செய்தது. பதினைந்து நாள்களில் ஐந்து ஆட்டங்கள் என்பது, அதே பதினொருவர் தாக்குதலிலும் தற்காப்பிலும் மாறிமாறி நின்று அறுபது நிமிடம் ஆட வேண்டியிருந்த அக்காலத்தில் எத்தகைய உழைப்பைக் கோரியிருக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். அடுத்து, முந்தைய ஆண்டு தன்னை ஒரே புள்ளியில் வீழ்த்திய சிரக்யூஸை 33–0 என்றும், பிட்ஸ்பர்க்கை 45–8 என்றும் கார்லைல் வென்றது.

அக்டோபர் 26 அன்று தலைநகர் வாஷிங்டனில் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தை 34–20 என்று வென்ற அணி, இரண்டே நாள்களில் எல்லை கடந்து கனடாவின் டொராண்டோ நகரில் உள்ளூர் வீரர்களின் அணியைச் சந்தித்தது. ஒரு பாதி அமெரிக்க விதிகளின்படியும் மறுபாதி கனடாவின் விதிகளின்படியும் ஆடப்பட்ட அந்த ஆட்டத்தில் கார்லைல் 49–1 என்று வென்றது. நவம்பர் 2 அன்று லீஹை பல்கலைக்கழகத்தை 34–14 என்று வென்றது.

பருவத்தின் உச்சம் நவம்பர் 9 அன்று வெஸ்ட் பாயிண்டில் அமைந்தது. அமெரிக்க இராணுவத்தின் அதிகாரிகளை உருவாக்கும் கல்விக்கூடம் அது. லக்கோட்டா மக்கள் பெண்டிரும் குழந்தைகளுமாக இராணுவத்தால் சுட்டுக் கொல்லப்பட்ட வூண்டெட் நீ படுகொலை நடந்து அப்போது ஏறத்தாழ இருபத்திரண்டு ஆண்டுகளே ஆகியிருந்தன. ஆகவே அந்தப் படையின் வருங்கால அதிகாரிகளை எதிர்கொள்வது, கார்லைல் வீரர்களுக்கு மற்றுமோர் ஆட்டமாக இருந்திருக்க முடியாது. வெஸ்ட் பாயிண்ட் அணியில், பின்னாளில் இரண்டாம் உலகப்போரில் ஐரோப்பாவில் நேச நாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியாகவும் அமெரிக்கக் குடியரசுத் தலைவராகவும் விளங்கிய டுவைட் ஐசன்ஹோவர் ஆடினார்.

வார்னர் அன்று ஒரு புதிய அமைப்பைக் களமிறக்கினார். பந்தை ஏந்தி ஓடும் வீரர்களில் இருவரை வழக்கம்போல் பின்னால் நிறுத்தாமல், முன்வரிசையின் இருமுனைகளையும் ஒட்டி நிறுத்தும் அது, இரட்டைச் சிறகு அமைப்பு என்று பெயர் பெற்றது. அந்நிலையிலிருந்து அவர்கள் எறியப்படும் பந்தைப் பிடிக்க முன்னே ஓடலாம். பின்னே சுற்றிவந்து பந்தைக் கையில் வாங்கலாம். மற்றவருக்கு வழி ஏற்படுத்தித் தரலாம். எதிரணிக்கோ எவரிடம் பந்து இருக்கிறது, எப்பக்கம் வரும் என்று கணிப்பதே அரிதாகிவிடும். முதலில் புள்ளி எடுத்தது வெஸ்ட் பாயிண்டே. இடைவேளையின்போது கார்லைல் 7–6 என்று ஒரு புள்ளி மட்டும் முன்னிலையில் இருந்தது. இரண்டாம் பாதியில் ஆட்டம் முழுவதும் கார்லைல் வசமாயிற்று. வெஸ்ட் பாயிண்டின் அணித்தலைவர் கையானைத் தாக்கியதற்காகத் திடலைவிட்டு வெளியேற்றப்பட்டார். தோர்ப்பைத் தடுப்பதிலேயே எதிரணியின் கவனம் குவிந்திருக்க, ஆர்காசா மூன்று டச்டவுன்களை அடித்தார். இறுதிக் கணக்கு 27–6. தம் அணியைத் தோற்கடித்த தோர்ப்பின் திறனை ஐசன்ஹோவர் பின்னாளில் வியந்து பாராட்டினார்.

அதற்கு அடுத்த வாரமே பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்திடம் 34–26 என்று கார்லைல் தன் ஒரே தோல்வியைச் சந்தித்தது. பின்னர் ஸ்பிரிங்ஃபீல்டு அணியை 30–24 என்று போராடி வென்று, நவம்பர் 28 அன்று பிரவுன் பல்கலைக்கழகத்தை 32–0 என்று வீழ்த்திப் பருவத்தை முடித்தது. ஒன்பது ஆட்டங்களிலும் வென்ற ஹார்வர்டே அவ்வாண்டின் முதன்மை அணியாகக் கருதப்பட்டாலும், ஆடிய ஆட்டங்களின் எண்ணிக்கையிலும் பயணத் தொலைவிலும் குவித்த புள்ளிகளிலும் கார்லைலின் சாதனை அதற்கு எவ்வகையிலும் குறைந்ததன்று.

வெற்றிக்குப் பின்

இந்த வெற்றிகளை அக்கால நாளிதழ்கள் எழுதிய முறை வருந்தத்தக்கது. இறகுக் கிரீடமும் கைக்கோடரியும் தரித்தவர்களாக வீரர்களைச் சித்திரித்த கேலிப்படங்களும், ஒவ்வோர் ஆட்டத்தையும் பழைய எல்லைப்போராக வருணித்த செய்திகளும் மலிந்திருந்தன. அறிவால் வென்ற ஆட்டங்கள்கூடப் பிறவிக் குணமான தந்திரத்தின் விளைவு என்று விளக்கப்பட்டன. பூர்வகுடி மக்கள் அனைவருக்கும் அமெரிக்கக் குடியுரிமை 1924-ஆம் ஆண்டின் சட்டத்தால்தான் கிடைத்தது என்பதை நினைத்தால், நாடு முழுவதும் கைதட்டி வரவேற்ற வீரர்களில் பலர் அந்நாட்டின் குடிமக்களாகவே கருதப்படவில்லை என்னும் உண்மை விளங்கும்.

பருவம் முடிந்த சில வாரங்களில், 1913 ஜனவரியில், தோர்ப் 1909, 1910-ஆம் ஆண்டுகளின் கோடைக்காலங்களில் வட கரோலினாவில் சிறு ஊதியம் பெற்றுப் பேஸ்பால் ஆடியது செய்தியாயிற்று. ஊதியம் பெற்று ஆடியவர் ஒலிம்பிக்கில் பங்கேற்கக்கூடாது என்ற அன்றைய விதியைக் காட்டி அவருடைய பதக்கங்கள் பறிக்கப்பட்டன. கல்லூரி மாணவர்கள் பலர் வேறு பெயர்களில் அவ்வாறு ஆடுவது வழக்கமாக இருந்த காலத்தில், சொந்தப் பெயரிலேயே ஆடிய தோர்ப் அதற்கான தண்டனையைத் தனியே ஏற்க நேர்ந்தது. போட்டி முடிந்து முப்பது நாள்களுக்குள் ஆட்சேபம் எழுப்பப்பட வேண்டும் என்ற விதி அவர் விஷயத்தில் கைவிடப்பட்டிருந்தது. அவர் 1953-இல் மறைந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழித்து, 1982-இல் ஒலிம்பிக் குழு அவரை இணை வெற்றியாளராக ஏற்றது. தனி வெற்றியாளர் என்ற முழு உரிமை 2022-இல்தான் திரும்பக் கிடைத்தது.

பள்ளியின் உள்நிலையும் விரைவில் வெளிப்பட்டது. கஸ் வெல்ச்சின் முன்முயற்சியில் இருநூறுக்கும் மேற்பட்ட மாணவர்கள் கையொப்பமிட்டு அனுப்பிய முறையீட்டின் பேரில், 1914-இல் நாடாளுமன்றக் குழு ஒன்று கார்லைலில் விசாரணை நடத்தியது. நிர்வாகத்தின் கொடுமை, உணவின் தரம், கால்பந்து வருமானத்தைக் கையாண்ட முறை, பயிற்சியாளரின் இழிசொற்கள் ஆகியவை குறித்து மாணவர்கள் அச்சமின்றிச் சாட்சி சொன்னார்கள். அதன் விளைவாகப் பள்ளியின் கண்காணிப்பாளர் பதவி இழந்தார்; வார்னர் அவ்வாண்டுப் பருவத்தோடு பிட்ஸ்பர்க்குக்குச் சென்றார். வெஸ்ட் பாயிண்டைச் சிதறடித்த உத்திகளைத் திடலில் நின்று வகுத்த அதே வெல்ச், தம் பள்ளியையே கேள்விக்கு உள்ளாக்கிய துணிவு, 27–6 என்ற வெற்றியைவிடச் சிறியதன்று. 1918-இல் பள்ளி மூடப்பட்டுக் கட்டடங்கள் மீண்டும் இராணுவத்திடம் சென்றன.

140-க்கும் மேற்பட்ட இனக்குழுக்களைச் சேர்ந்த ஆயிரக்கணக்கான குழந்தைகள் கார்லைலுக்குக் கொண்டுவரப்பட்டனர். அவர்களுள் நூற்றெண்பதுக்கும் மேற்பட்டோர் நோயாலும் பிற காரணங்களாலும் இறந்து, வீட்டிலிருந்து நெடுந்தொலைவில் பள்ளியின் கல்லறைத்தோட்டத்தில் புதைக்கப்பட்டனர். 2017 முதல் இராணுவம் அவ்வுடல்களின் எச்சங்களைத் தோண்டியெடுத்து அவரவர் மக்களிடம் ஒப்படைத்துவருகிறது. 2024 டிசம்பரில் அந்த இடம் தேசிய நினைவிடமாக அறிவிக்கப்பட்டது.

கார்லைல் அணியின் வெற்றிகளைக் காட்டி அப்பள்ளியின் முறையை நியாயப்படுத்த முயன்றவர்கள் அன்றும் இருந்தனர், பின்னரும் இருந்தனர். சான்றுகள் அதற்கு இடம் தரவில்லை. கார்லைல் பள்ளி அம்மாணவர்களிடமிருந்து பறிக்க முயன்றவை பல. அவர்களுக்குக் கொடுத்தது ஒரு திடலும் ஒரு பயிற்சியாளரும் ஓய்வில்லாத பயண அட்டவணையும் மட்டுமே. அவற்றைக் கொண்டு ஒரு நாட்டின் விளையாட்டு முறையையே மாற்றியமைத்தது அவர்களுடைய சொந்த அறிவும் உழைப்பும் ஒற்றுமையும் ஆகும். ஆகவே 1912-ஆம் ஆண்டின் வெற்றி கார்லைல் பள்ளியினுடையதன்று. அங்கு ஆடிய மாணவர்களுடையது, அவர்களைப் பெற்ற மக்களுடையது.